நான்காம் அறை மணி

பேசின் பிரிட்ஜ் யார்டில் ஆறாவது தடம்.
தில்லியிலிருந்து நீலாம்பரி வந்து நின்றதும்
முதலில் ஏறுகிறவள் நான்,
வாளியோடு.

அதன் சரித்திரத்தை அழுக்கை வைத்துச் சொல்வேன்.
கரி எஞ்சின் நாட்களில்
ஜன்னல் துடைத்த தண்ணீர் மசியாய் வடியுமாம்,
ஷண்டிங் தனகோட்டி சொல்லக் கேள்வி.
நான் சேர்ந்தபோது டீசல்.
சாப்பாட்டுப் பெட்டி இருந்தவரை
வெள்ளை விரிப்பில் கட்லட் எண்ணெய், பீட்ரூட் சிவப்பு.
அதைக் கழற்றிய வருஷம்
அலுமினியத் தாள் வந்தது மூட்டை மூட்டையாய்.
வெல்வெட் திரை போய் ரெக்சின்.
கட்டணம் மட்டும் கறைபடாமல் ஏறிக்கொண்டிருந்தது.

ஒருமுறை ஒற்றை முத்துக் கம்மல் கிடைத்தது.
ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்தேன்.
இன்னொரு காது என்ன ஆனதோ.

போபால் மண், நாக்பூர் மண்
எல்லாம் என் துடைப்பத்தில்.
சாயங்காலம் கொருக்குப்பேட்டை கேட்டில்
இருபது நிமிஷம் நிற்பேன்.
நான் கழுவியதே குறுக்கே போகும்.

போன மார்ச்சில் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள்.
முதல் வகுப்புப் பெட்டி மட்டும்
உடைக்கப் போகுமுன்
ஒரு ராத்திரி இங்கே தங்கியது.
பேட்டரியில் கொஞ்சம் உயிர் மிச்சம்.

நான்காம் அறையில் உட்கார்ந்தேன்,
செருப்பைக் கழற்றாமல்.
பணியாளை அழைக்கும் பித்தளைப் பொத்தான்;
பதினேழு வருஷமாய் நான் தேய்த்தது,
ஒருநாளும் அமுக்கியதில்லை.
அமுக்கினேன்.
நடைவழிக் கோடியில் மணி அடித்தது.

சடாரென்று எழுந்து நின்றுவிட்டேன்,
கை வாளியைத் தேட.