சீம்பால்

நாகவேணி வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பிரசவம்.
செவ்வாய்க்கிழமை மாடு.
வெள்ளிக்கிழமை, மாரண்டஹள்ளி ஆஸ்பத்திரியில், அவள்.

மாட்டின் சீம்பாலில் வெல்லம் தட்டிப் போட்டு
ஏலக்காய் பொடித்து ஆவியில் வேகவைத்து
துண்டு துண்டாய் அறுத்துத் தெருவுக்கே கொடுத்தார்கள்.
எவர்சில்வர் மூடியில் எனக்கும் வந்தது,
அங்கன்வாடி டீச்சருக்கு என்று கொஞ்சம் பெரிதாக.

அவளுடைய சீம்பால்
'மஞ்சளா இருக்கு, புள்ளைக்குச் செரிக்காது'.
நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும்
பழைய சேலைத்துணியில் பீய்ச்சிவிட்டு
சீனித்தண்ணி தொட்டுச் சேனை வைத்தார்கள்.
வைத்தவர் வார்டு மெம்பராக இருந்த பெரியப்பா.
அவர் குணம் வரும் என்றார்கள்.
வந்தது வயிற்றுப்போக்கு.

மூன்றாம் மாதமே
தக்காளி பறிக்க ஆள் ஏற்றும் வண்டி வாசலில் ஹார்ன் அடித்தது.
ஆறரைக்கு ஏறினால் இருட்டித்தான் இறங்குவாள்.
பதினொரு மணிக்கெல்லாம் மார் கட்டிக்கொள்ளும்.
கிரேடுகளுக்குப் பின்னால் குந்தி மண்ணில் பீய்ச்சுவாளாம்.
'எறும்பு வரும் டீச்சர்' என்றாள்.
வேறு எதுவும் சொல்லவில்லை.

மாடு காலையில் நாலு லிட்டர், சாயங்காலம் மூணு.
சொசைட்டியில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவார்கள்,
கலந்த தண்ணீரை அது காட்டிக்கொடுத்துவிடும்.
லிகித்தின் புட்டியில் அதை மிதக்கவிட
யாரும் வரவில்லை.
ஒரு டம்ளர் பாலுக்கு மூன்று டம்ளர் தண்ணீர்.
அப்புறம் அதிலேயே ஊறிய பிஸ்கட்.

எட்டாம் மாதம் எடை பார்த்தேன்.
ஐந்து கிலோ முந்நூறு.
தராசில் அவன் அழவில்லை.
அழுதால் தேவலை என்றிருந்தது.
கைச்சுற்று நாடா சிவப்பில் நின்றது.
சத்துமாவு வாங்கியதற்கு நோட்டில் கையெழுத்து இருக்கிறது.
உருண்டை பிடித்து ஐந்து பேர் தின்றதும் எனக்குத் தெரியும்.
பசித்தவர்கள்தான். யாரைத் திட்ட?

சுவரில் ஒட்டியிருந்ததை வாசித்தேன், கொஞ்சம் சத்தமாகவே:
ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்.
தக்காளிச் செடியின் பிசுக்கில் கறுத்த விரலால்
மகனின் மூக்கைத் துடைத்தபடி சொன்னாள்:
'இதை அந்த வண்டிக்காரன்கிட்ட படிச்சுக் காட்டுங்க.'

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று.
என் பெரியவளுக்கு நானும் பீய்ச்சித்தான் விட்டேன்,
மாட்டுக்கொட்டகை மண்ணில், மேலே சாம்பல் தூவி.
அப்போதே ப்ளஸ் டூ பாஸ் செய்தவள் நான்.
அவளுக்கு இப்போது இருபத்திரண்டு. என் தோளுக்கு வரவில்லை.
அதனால்தானா, தெரியாது.
பாலக்கோடு பஸ்ஸில் மேல்கம்பி எட்டாமல்
அவள் சீட்டு முதுகைப் பிடிக்கும்போதெல்லாம்
நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன்.
பதினாலு நாள் தங்க வேண்டும்.
பதினாலு நாள் கூலியை விரல் மடக்கி எண்ணினாள்,
பாதியில் நிறுத்தினாள்,
சீட்டை நாலாய் மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகினாள்.

பால் பட்டு எழுத்து கலைந்துவிடுமே என்று
வாய் வரை வந்தது.
கலையட்டும்.
இன்னும் சுரக்கிறதே.