இருமுறை கூட்டிய உறக்கம்

கேத்திச் சரிவில் மழைமானிப் பெட்டி.
பேட்டரியை மிச்சம் பிடிக்க
மணிக்கு நாற்பது நிமிடம் கண்ணயரும்.
விழித்ததும் முதலில் நேரம் விசாரிக்கும்.

காசளவு பேட்டரியில் ஓடும் கடிகாரம்
‘நாற்பது போச்சு’ என்றது.
உறங்கவே தெரியாத கவுண்டர் ஒன்றும்
‘நாற்பது’ என்றது.
கர்னல் இரண்டையும் நம்பி
கூட்டிவிட்டது.

செவ்வாயன்று வைத்தோம்.
வெள்ளி சாயங்காலம் பார்த்தால்
பதிவில்
ஞாயிற்றுக்கிழமை மழை.

முன்னறிவிப்பு என்று நினைத்த ஜோகி
தேயிலைக்கு மருந்தடிப்பதைத் தள்ளிவைத்திருந்தார்.

ஒரு சாட்சியை வாயடைக்க
இரண்டு வரி போதும்.
எந்தச் சாட்சியை என்பதற்குத்தான்
மூன்று இரவு.

இப்போது பெட்டி
மேகத்துக்குள் ஒழுங்காகத் தூங்குகிறது.
நான்தான் நாலு மணிக்கு விழித்து
போனைப் பார்க்கிறேன்,
கைக்கடிகாரத்தையும்.
இரண்டும் ஒன்றையே சொல்கின்றன.

கூட்டாமல்
திரும்பிப் படுக்கிறேன்.