அரைப்பேர்

ஐஸ் பெட்டியில் ஒன்றரைக் கிலோ கொழுந்து.
தலவாக்கலையில் விடியுமுன் ஒடித்தது.
கண்டி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி
மூடியைத் தூக்கிப் பார்த்தார்:
"இதையா ஐஸ்ல வச்சிக் கொண்டுபோறீங்க?"
பெயர் புஷ்பகாந்தி. பெரியாஸ்பத்திரியில் கிளினிக்.

பேராதனை, மூன்றாம் மாடி.
உறையவைத்து, உலர்த்தி, அரைத்து, வடித்து
மூன்று வாரத்தில்
நகக்கண்ணில் அடங்கும் வெள்ளைப் பொடி.
முழுப்பெயர் சொன்னால் மூச்சு வாங்கும்.
ஈ.ஜி.சி.ஜி. என்போம்.

செல்கள் நம்மூருடையவை அல்ல.
எங்கோ, எப்போதோ, ஒரு வயதில்
இரத்தப் புற்றோடு கிடந்த பிள்ளையிடம் எடுத்தவை.
பிள்ளையின் பெயர் குப்பியில் இல்லை.
செல்கள் மட்டும் இன்னும் பிரிகின்றன
முப்பத்தேழு பாகைச் சூட்டில்,
வெள்ளிதோறும் நான் தீனி மாற்றுவதற்காக.

பாக்டீரியாச் சுவரின் தூள், ஒரு சொட்டு.
செல்லின் விளிம்பில் தப்பு அடிக்கத் தொடங்கும்.
அடி உள்ளே போகும், கைமாறிக் கைமாறி.
அதுவரை கப்பா-பி என்றொரு புரதம்
காவற்காரன் பிடியில் சும்மா கிடக்கும்.
இப்போது காவற்காரன் நெற்றியில் பொட்டு விழும்.
பொட்டு விழுந்தவனைச் செல்லே அரைத்துத் தின்றுவிடும்.
பிறகென்ன, பிடி விட்ட கப்பா-பி
கருவறைக்குள் ஓடிப் புத்தகத்தைத் திறக்கும்:
வீங்கு. சிவ. கொதி.

வெள்ளைப் பொடிக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.
பொட்டு வைக்கும் கையைப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.
வெளியே தப்பு ஓயவில்லை,
பெரட்டுக்கு ஆள் வருவது குறைகிறது.
திரையில் கோடு சரிந்து, சரிந்து
நடுவில் ஒரு புள்ளியைத் தொட்டது.
இந்த அளவு போட்டால் சத்தம் பாதி.
சத்துரிகா மேசையைத் தட்டினாள்.
இருவரும் கண்டீனில் பிளேன்டீ குடித்தோம்,
அதில் எவ்வளவு இருக்கும் என்று பேசாமல்.

அடுத்த கிளினிக் நாள், திரும்பும் பஸ்.
புஷ்பகாந்தி என்னை அடையாளம் கண்டு
பத்து விரலையும் மடியில் பரப்பினார்.
ஒவ்வொரு கணுவிலும் ஒரு நெல்லிக்காய்.
"அந்த எலையில வீக்கத்துக்கு மருந்து இருக்குங்கிறீங்க.
இருபத்தாறு வருசமா அதத்தானே புடுங்குறேன்,
இதுக்குள்ள ஏன் எறங்கல?"

கணக்கு என்னிடம் இருந்தது.
குடித்தால் குடலில் பாதி தொலையும்,
மிச்சத்தை ஈரல் உருமாற்றிவிடும்,
கிண்ணத்தில் நான் போட்ட அளவு இரத்தத்தில் நிற்க
எத்தனை குவளை என்று சொல்லவே கூச்சம்.
சொன்னது இவ்வளவுதான்:
"கிண்ணத்துலதான் அக்கா. அதுலயும் பாதிதான் அடங்குச்சு."

அவர் சிரித்தார், பல் தெரிய.
"அப்ப ஒங்களுக்கும் அரைப்பேருதான்."

கினிகத்தேனை தாண்டியதும் மூடுபனி.
சேலைத் தலைப்பின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்து
ஒரு பெனடோலைத் தண்ணீரில்லாமல் விழுங்கினார்.
ஹட்டனில் இறங்க எழுந்தபோது
கம்பியைப் பிடித்தது விரல்களால் அல்ல,
மணிக்கட்டைக் கொக்கியாய் மாட்டி.