அழித்த சாலை

வால் த மோய்ராவின் வரைபடத்தில்
அது ஒரு வெள்ளைக் கோடு.
அவசர வழி, நான்கு மீட்டர் அகலம்.
எப்போதோ யாரோ வரைந்தது,
மேலிருந்து பார்த்து.

ஜசிந்தாவும் நானும் நடந்து போனோம்.
சரிவெங்கும் தைலமரம்;
உரிந்த பட்டை கிளைகளில் தொங்கிற்று,
காயப்போட்டு மறந்த துணிபோல.
காலடியில் சருகு
அப்பளமாய் நொறுங்கியது.

இருநூறாவது எட்டில்
பாதை முள்ளுக்குள் போயிற்று.
திரும்பி வரவில்லை.
கைபேசியில் மட்டும் எங்கள் நீலப் புள்ளி
சாலை நடுவே சாவதானமாய் நின்றது.

கடைசி வீட்டு அடெலினோ கேட்டார்:
"அந்த வழியா? ஆடுகளை விற்ற பிறகு
அதில் யார் போனார்கள்?"
சுவரோடு ஒட்டி
மார்பளவு விறகு அடுக்கியிருந்தார்.
அதையும் குறித்துக்கொண்டோம், அவர் பார்க்க.
"குளிர்காலத்தில் உங்கள் வரைபடத்தையா எரிப்பது?"
பதில் தெரியவில்லை.
அத்திப்பழம் கொடுத்தார்.

இரவு, அலுவலகத்தில்,
கோட்டைத் தேர்ந்தெடுத்தேன்.
அழிக்கவா என்று கேட்டது கணினி,
ஒரே ஒரு முறை.

சாலை போயிற்று.
மஞ்சளாய் இருந்த பதினோரு வீடுகள்
ஒவ்வொன்றாய்ச் சிவந்தன.
எங்கும் ஒரு மரம் எரியவில்லை.
காற்றுகூட இல்லை அன்று.

ஜசிந்தா தீயணைப்பு வண்டியின் நீளத்தைக் கேட்டாள்.
அது திரும்ப இடமில்லாத வளைவை
பெரிதாக்கிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முள்வெட்டும் இயந்திரம் கேட்டு
நகராட்சிக்கு எழுத வேண்டும், மூன்றாவது தடவை.
அதற்கு முன் அடெலினோவிடம்
அவர் வீட்டின் புதிய நிறத்தைச் சொல்ல வேண்டும்.

பையில் இரண்டு அத்தி மிச்சம்.