மூன்று பவுன்

பெட்ரோல் கேஜ் வண்டிக்குள் வரக்கூடாது என்பது
மார்த்தாண்டம் ஜெபதாஸ் மேஸ்திரியின் கட்டளை.
குழாய் விட்டுப்போனால் மடியில்தான் கொட்டும்.
ஆகவே பானெட் இடுக்கு வழியே ரப்பர் குழாயை வெளியே இழுத்து
கண்ணாடிக்கு அந்தப்புறம்
வைப்பரோடு சேர்த்து டேப் சுற்றிவிட்டேன்.
மழை வந்தால் வைப்பர் ஓடாது.
மழை வராது என்றேன்,
ஆடி மாதத்தில், இந்த ஜில்லாவில்.

இரட்டைக் கார்புரேட்டருக்கு வாய் சிறிது.
மூன்று பவுண்டு அழுத்தம் போதும்.
ஐந்தானால் மிதவை தோற்று, ஊசி மூடாமல்,
சூடான சைலன்சர்மேல் சொட்டத் தொடங்கும்.
ஒன்றரைக்குக் கீழே
கிண்ணம் வற்றி வண்டி இருமும்.
இருபது நிமிஷம் ஓடினால் இருமுகிறது,
அதுதான் இரண்டு மாதமாக வியாதி.
பில்டர் மாற்றினேன். பம்பின் தோல் மாற்றினேன்.
பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
மாற்றாதது விஜிலாவிடம் சொன்ன ஒரு பொய்தான்:
இந்த மாசத்தோடு செலவு முடிஞ்சிது.

ஓட்டுவது நான், முள்ளை வாசிப்பது அவள்.
எழுதக் காகிதம் வேண்டுமென்று கைப்பையைத் துழாவினாள்.
தக்கலை சொசைட்டியின் நகைக்கடன் ரசீது வந்தது.
பின்பக்கம் வெள்ளை.
துழாவி எடுத்தாளா
எடுத்து வைத்திருந்தாளா தெரியாது.

வடசேரி சிக்னலில் முதல் வரி.
"மூணு பவுன்."
பவுண்டு, என்று திருத்தினேன்.
"அதத்தான் சொல்லுதேன். மூணு பவுன்."

வெள்ளமடம். மூணு பவுன்.
தோவாளையில் பிச்சிப்பூ மூட்டைகளோடு ஒரு வேன்
எங்களை ஒட்டி வந்தது;
பூவும் பெட்ரோலும் கலந்து
ஏதோ கல்யாணத்தில் தீப்பிடித்த வாசம்.
"ரெண்டே முக்கா."
மஞ்சள் வண்டியைப் பார்த்துப் பையன்கள் கையாட்டினார்கள்.
நான் திரும்பக் கையாட்டினேன்.
அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆரல்வாய்மொழியில் காற்று பின்னாலிருந்து தள்ளியது,
ஓசியில் ஒரு குதிரை சக்தி.
அப்படியும் முள் இறங்கிற்று.
"ரெண்டு பவுன்.
ஒண்ணே முக்கா.
ஒண்ணரை பவுன், போச்சு."
சீட்டுக்குப் பின்னே பம்பின் டக் டக்
நீண்டு, நீண்டு,
கடைசி டக் வருமா என்று காத்திருக்க வைத்தது.

முப்பந்தலில் ஒரு காற்றாடியின் கீழே நின்றுபோனோம்.
அதன் இறக்கை நிழல் எங்கள்மேல் ஏறி இறங்கி ஏறி இறங்கி
எண்ணுவதுபோல.
நான் பானெட்டைத் திறந்தேன், வேறென்ன செய்வது.
அவள் பின்பக்கம் போனாள்:
"மொதல்ல பெட்ரோல் ஒளுங்கா ஊத்துனேளா?"
டேங்க் மூடியைத் திருகினாள்.

குக்கர் வெளியே விடும்.
இது உள்ளே இழுத்தது,
நீளமாக, தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவன்போல.
உடனே பம்ப் டகடகடக என்று தானே பேசத் தொடங்க
முள் எழுந்து
மூன்றில் நின்றது.

டேங்குக்கு மூச்சு விடும் ஒரு குழாய் உண்டு,
பென்சில் தண்டி. அதை நான் பார்க்கவே இல்லை.
பெட்ரோல் போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வராமல்
தன்னையே உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது டேங்க்.
அவள் சேலைப் பின்னைக் கழற்றிக் குடைந்தாள்.
உதிர்ந்தது மண்.
குளவிக் கூடு.
குலசேகரம் எஸ்டேட் கொட்டகையில்
ரப்பர் ஷீட் புகைக்குள் ஆறு வருஷம் நின்ற வண்டி;
யாரோ குடியிருந்திருக்கிறார்கள்.
உள்ளே காய்ந்த பச்சைப்புழு ஒன்று,
குஞ்சுக்கென்று வைத்த சாப்பாடு.
"சவத்துக்கு எடமா கெடைக்கல்ல" என்றாள்,
ஆனால் புழுவை ஊதிவிடவில்லை.
ரசீதின் மடிப்பில் வைத்து மடித்தாள்.

திரும்பும்போது எதிர்க்காற்று. தோவாளை தாண்டியதும்
மழை.
எனக்கு முன்னே கண்ணாடி முழுக்கக் கரைந்த ரோடு,
கரைந்த லாரி, கரைந்த ஒரு மாடு.
துடைக்கவா என்று கேட்டு அவள் கையை வெளியே நீட்டினாள்.
என் பக்கம் வரவில்லை கை.
கேஜின் முகத்தை மட்டும் கட்டைவிரலால் துடைத்துவிட்டு
குனிந்து பார்த்தாள்.

"மூணு பவுன். இதாவது திரும்பி வந்துது."

நான் ரோட்டை ஊகித்து ஓட்டினேன்.