சிவப்புக் காய்

ஜெனோவாவைப் புதைத்தது ஞாயிறு.
காசு சேர்ந்தது செவ்வாய்.
காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை
மூன்று கேரம் கிளப்பும் போட்டி நடத்திப் பிரித்த
நாற்பத்தோராயிரத்து அறுநூறு.
மஞ்சள் பையோடு அவள் வீட்டு வாசலில் நின்றோம்.
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை.

அமலோற்பவம் அம்மா பையைத் தொடவில்லை.
கடனை அடைச்சுக்கோங்கம்மா என்றேன்.
"என் கடன் எனக்குத் தெரியும்.
மருந்து ஏத்துற ரூம்புல எதிர் நாற்காலியில ஒரு புள்ள.
வண்டி டியூ கட்டலன்னு போன்ல கெஞ்சிக்கினு இருந்தான்,
இந்தப் பக்கம் பாட்டில் ஏறிக்கினு இருக்குது.
அவன் பேர் தெரியாது. போய்க் கேளு."

பேர் தமீம். புளியந்தோப்பு.
இருபத்தாறு வயது. வீடு வீடாகச் சோறு கொண்டுபோகிற வேலை.
"மருந்துக்கு அட்டை இருக்குண்ணா,
வண்டிக்குத்தான் அட்டை இல்ல."

நான் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன்.
கையில் கிடைத்த நோட்டு அதுதான்.
கப்பல், சரக்கு, எடை, சேதம்
என்று அச்சடித்த கட்டங்கள்.
கப்பலில் தமீம் என்று எழுதினேன்.
சரக்கில், மூன்று மாத டியூ.
எடையில், பதினோராயிரத்து எழுநூறு.
சேதத்தைக் காலியாக விட்டேன்.

அட்டையில் 'நினைவு நிதி' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தலாம் என்றான் செயலாளர்.
"நினைவுன்னு போடாத,
பேர் மட்டும் போடு" என்றார் அம்மா.
வருமானச் சான்றிதழ் கேட்கலாமா என்றதற்கு,
"அதுக்கு வேற ஒருநாள் வரிசையில நிப்பானா?"
அவராகச் சேர்க்கச் சொன்ன கேள்வி ஒன்றே ஒன்று:
ஆஸ்பத்திரிக்குக் கூட யார் வருவது?
'யாருமில்லை' என்று எழுதியவர்களுக்கு
விடியற்காலை ஏலம் முடிந்ததும்
கையை எலுமிச்சையால் தேய்த்துக் கழுவிவிட்டு
அவரே ஷேர் ஆட்டோ ஏறினார்.

இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே
இத்தனை விதச் செலவு இருப்பது
எனக்கு அதற்குமுன் தெரியாது.
கல்யாணம் நின்றுபோன ஒருத்தனுக்கு
மண்டப அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு அலைய பஸ் காசு.
எண்ணூர்ப் பையன் ஒருவன் தரையைப் பார்த்துச் சொன்னான்:
"பின்னாடி கொழந்த வேணும்னா
ஊசிக்கு முன்னாடியே எடுத்து வெச்சிடணுமாம்.
வருஷத்துக்கு வாடகை."
நானும் தரையைப் பார்த்தபடி எழுதினேன்,
இறால் பெட்டிக்கு எழுதுவதுபோல:
குளிர்பதனம்.

எருக்கஞ்சேரி நர்மதாவுக்கு ஹாஸ்டல் வாடகை.
வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை,
பரீட்சை முடியட்டும் என்றாள்.
ஆடி மாதம் அவள் அப்பா
செய்யாறிலிருந்து பஸ் பிடித்து வந்தார்.
நோட்டைக் கேட்டார்.
மகள் கையெழுத்தின்மேல் விரலை வைத்து,
அப்புறம் எடுத்து,
போனில் படம் பிடித்துக்கொண்டார்.
டீ வேண்டாம் என்றார்.

ஒன்பதாவது பேர் வந்தபோது
மீதி முந்நூற்றிருபது ரூபாய்.
பேரை எழுதினேன். எடையில் என்ன எழுதுவது?

அதனால்தான் இந்த ஞாயிறு மறுபடி போட்டி.
நுழைவு இருநூறு.
மாதா கோயில் சந்தில் பந்தல்,
எட்டு போர்டு, தொங்கும் பல்பு, பவுடர் வாசனை.
தமீம் முதல் ரவுண்டிலேயே தோற்றுவிட்டு
டீ ஊற்றிக்கொண்டிருக்கிறான்.
அமலோற்பவம் அம்மா
பிளாஸ்டிக் நாற்காலியில், என் பக்கத்தில்.
மகள் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை,
ஞாயிறுதான் வியாபாரம்.

மூன்றாவது போர்டில் சிவப்பு விழுந்தது.
பந்தலே எழுந்து கத்தியது: ஃபாலோ! ஃபாலோ!

"இன்னாடா கத்துறானுங்க?"

"சிவப்பு விழுந்தா மட்டும் கணக்கில்லம்மா.
கையோட தன் காய் ஒண்ணு போடணும்."

"போடலன்னா?"

"சிவப்ப எடுத்து
திரும்ப நடுவுல வெச்சிடுவாங்க."

ஆடுகிறவன் குறி பார்த்தான்.
சந்து மூச்சடக்கியது.
அவர் போர்டைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.

"திரும்ப வெச்சிடுவாங்களா?"