மேல் எல்லைக் கோடு

பாயான் லெப்பாஸில் எங்கள் தூய அறைக்கு
இருபத்தோரு டிகிரி.
அரை டிகிரி கூடினால் மூன்று பேருக்குச் செய்தி பறக்கும்,
ஒருவர் ஓடி வருவார்.

எனக்குக் கூடும்போது யாரும் வருவதில்லை.

முயல் சட்டை என்போம் அதை:
உச்சி முதல் பாதம்வரை வெள்ளை, கண் மட்டும் வெளியே.
அதற்குள் நெஞ்சில் மூண்டு
கழுத்தைப் பிடித்து மேலேறும்.
கிளினிக்கில் அதற்கு மலாயில் ஒரு பெயர் சொன்னார்கள்,
ஆங்கிலத்தில் ஒன்று.
உடம்பு தமிழில் "ஐயோ" என்றது, அவ்வளவுதான்.

கழிப்பறையில் உட்கார்ந்து ஒரு செயலியை இறக்கிக்கொண்டேன்.
இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று
ஐந்து மஞ்சள் முகங்களை நீட்டியது.
ஒன்றுக்கும் நாற்பத்தொன்பது வயதிருக்காது.

கைக்கடிகாரம் வாங்கினேன், நான்கு மாதத் தவணையில்.
உள்ளே கொண்டுபோகக் கூடாதாம்.
பன்னிரண்டு மணி நேரமும் லாக்கரில் கிடந்து
"வெகுநேரமாக அசையவில்லை, எழுந்து நடங்கள்" என்று
என் செருப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன்.
தூசி உதிராத நீலத் தாளில்
வரும்போதெல்லாம் ஒரு புள்ளி, பக்கத்தில் மணி.
வீட்டுக்கு வந்து செயலியில் ஏற்றினேன்,
அது கேட்காத கோடுகளையும் நானே போட்டேன்:
நடுவில் சராசரி, மேல் எல்லை, கீழ் எல்லை.
இருபத்துமூன்று வருஷமாய்ச் சிப்புகளுக்குப் போட்ட அதே கோடுகள்.

ஏழாம் நம்பர் மெஷின் மேல்தான் என் சந்தேகம்.
மெஷின் இல்லை.
உச்சப் புள்ளிகள் எல்லாம் பிற்பகல் மூன்று பத்துக்கு,
மிஸ்டர் தியோவின் மீட்டிங் அறையில்.
அங்கே ஏர்கோன் பதினெட்டில் ஓடும்.
"யோகேஸ், நேற்றைய ரிஜெக்ட் எத்தனை?"
தெரிந்த எண்தான்,
நாக்கு நுனியிலிருந்து வழுக்கி எங்கோ போய்விடும்.

ஆனால் அன்றிரவு என்னை உட்காரவைத்தது வேறு.
எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து
சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்திருந்தன.
புதிதாய் வருகிறவர்களுக்கு நானே சொல்வதுதான்:
இது பழுது என்று பதறாதே,
நடப்பே இடம் மாறியிருக்கிறது.
காரணத்தைத் தெரிந்துகொள், புது நடுக்கோடு போடு.

மறுநாள் சிஸ்டத்தில் பத்து நிமிட ஓய்வு கேட்டேன்,
மூன்று மணிக்கு, தினமும்.
காரணம்? பட்டியல் இறங்கியது:
தொழுகை. பாலூட்டல். மருத்துவ விடுப்பு. மற்றவை.
மற்றவையை அழுத்தினேன்.
ஒப்புதல் பக்கத்தில் என் பெயருக்கு மேலே
ரொஹானா பிந்தி யூசோஃப், மற்றவை.
கீழே சியூ லிங், மற்றவை.
ஒரே லைனில் ஒன்பது வருஷம்
கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

அன்று உள்ளே போகுமுன்
மூவரும் காற்றுக் கூண்டில் நெருக்கி நின்றோம்.
தூசி தட்ட இருபது விநாடி குளிர்காற்று,
ஒரு தடவை போதும்.
நின்றதும் காக் ரொஹானா
பொத்தானை இன்னொரு முறை அழுத்தினாள்.
சியூ லிங் கையை மெல்ல அகட்டிக்கொண்டாள்.